உருளைக் கட்டை மேல் ஒரு ஊர்

ரயில் பாதை ஆறு மைல் தள்ளிப் போகிறது என்று தெரிந்ததும், அமெரிக்காவின் நெப்ராஸ்கா சமவெளியில் பத்தே வீடுகள் கொண்ட லார்க்கின் என்ற ஊர் எழுந்து அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. மர வீடுகளை உருளைக் கட்டைகள் மேல் ஏற்றி, குதிரை பூட்டி இழுத்தார்கள். ஓட்டிஸ் வீட்டு அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டே போயிற்று. ஊரின் ஒரே நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குச் சொந்தக்காரி எட்னா மட்டும் அசையவில்லை. "போங்க, போய் ரயில் புகையைக் குடிங்க!" என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

புது இடத்தில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். குழந்தைகளுக்கு வயிறு கெட்டது. ரயிலோ ஒரு நாளும் நிற்கவில்லை. கோடை முடிவதற்குள் பழைய இடத்துக்கே திரும்ப மறுபடியும் குதிரைகளைப் பூட்டினார்கள்.

ஓட்டிஸ் எல்லோருக்கும் முன்னால் வந்தான். வழியெல்லாம் அவனுக்கு ஒரே கவலை. மனையில் புல் ஆளுயரம் வளர்ந்திருக்கும், அதையாவது வெட்டிவிடலாம். எட்னாவின் கிணற்றில் எந்த முகத்தோடு வாளியை இறக்குவது?

அவள் கிணற்றடியில் நின்றிருந்தாள். அவன் தொப்பியைக் கழற்றினான்.

"அங்க தண்ணி வாயில வைக்க முடியல, எட்னா."

"இங்க உங்களுக்கு என்ன வெச்சிருக்காம்?" என்றாள் வெடுக்கென்று.

ஓட்டிஸ் தன் பழைய மனையைப் பார்த்தான். பிறகு அடுத்த மனையை, அதற்கடுத்ததை. புல் வெட்டக் கொண்டுவந்த அரிவாளை மெதுவாக முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். எந்த மனையிலும் ஒரு புல்கூட இல்லை. களைக்கொத்து கீறிய மண் இன்னும் ஈரமாக இருந்தது.