மீன் மேடைக்கு அடியில் நூரி

பெரிய மார்க்கெட்டின் மீன் வரிசையில், ஈரத் தரையில் குப்புறப் படுத்துக் கிடந்தான் ராஜ்கமல்.

சட்டையெல்லாம் மீன் தண்ணி. பக்கத்தில் கேமரா பை. தலைக்கு மேலே கல் மேடை, அதில் சங்கராவும் மத்தியும். மேடைக்குப் பின்னால் மீன்காரி சின்னப்பாப்பா.

மேடைக்கு அடியில், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே, இருட்டில் இரண்டு கண்கள்.

நூரியேதான். முல்லா வீதி கனீஸ் பாத்திமா வீட்டுப் பூனை. காணாமல் போய் இன்றோடு முப்பத்தெட்டு நாள்.

முப்பத்தெட்டு நாளும் விடிந்ததும் விடியாததுமாக அந்த அம்மாள் ராஜ்கமலுக்கு போன் செய்துவிடுவாள். “தம்பி, எதனா தெரிஞ்சுதா?” அவ்வளவுதான் கேட்பாள். அதற்குப் பிறகு அவனுக்கு டீ தொண்டையில் இறங்காது.

நாய் பூனைகளைப் படமெடுப்பதுதான் அவன் பிழைப்பு. கல்யாணத்துக்குப் போனாலாவது பிரியாணி கிடைக்கும், இதென்னடா வேலை என்று முத்தியால்பேட்டையில் அவனைக் கிண்டல் செய்யாத ஆள் கிடையாது. செய்துவிட்டுப் போகட்டும். மனிதர்கள் கேமராவைப் பார்த்தால் பொய்யாகச் சிரிப்பார்கள், இதுகளுக்குப் பொய்யே தெரியாது என்பான்.

இன்று அரைக் கிலோ மத்தி வாங்க வந்தவன் கண்ணில் நூரி பட்டது, அது யார் செய்த புண்ணியமோ. ஆனால் இன்று விட்டால் நாளைக்கு இல்லை. இன்று கடை கட்டியதும் வரிசை முழுக்க எலி மருந்து வைக்கப் போகிறார்களாம். மருந்துப் பொட்டலம் வந்து ஆணியில் தொங்குகிறது.

பயந்து பாய்ந்தாலும் போச்சு. எதிரே ரோடு. ரோடு நிறைய ஆட்டோ.

“எத்தினி நேரம்பா இப்படியே படுத்துனு இருப்ப? யாவாரம் பாக்க வேணாமா நானு?” என்றாள் சின்னப்பாப்பா.

அவன் கையை மட்டும் ஆட்டிக் கெஞ்சினான்.

பூனையை நேருக்கு நேர் பார்க்கக் கூடாது. சண்டைக்கு வருகிறான் என்று நினைத்துக்கொள்ளும். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, கண்ணை மெதுவாக மூடி, மெதுவாகத் திறந்தான். கேமரா பையிலிருந்து பழைய காகிதப் பை ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டினான்.

சர்... சர்...

கண்கள் அசைந்தன.

இதே சத்தத்துக்குத்தான் நூரி, கனீஸ் பாத்திமா வீட்டில் படமெடுத்த அன்றைக்குத் தலையைத் தூக்கிக் கேமராவைப் பார்த்தது. ஒரு மதியம் முழுக்கக் கெஞ்சிக் கூத்தாடி எடுத்த படம் அது.

யாரோ பெட்டி ஒன்றைத் தடாலென்று இறக்கினார்கள். கண்கள் மறைந்துவிட்டன. ராஜ்கமல் எழுந்திருக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சுரண்டினான்.

முதலில் மூக்கு வந்தது. பிறகு ஒரு முன்கால்.

இன்னும் ஒரு சாண்.

இன்னும் நாலு விரல்.

வா தாயே, வந்துடு.

அவன் விரலை மோந்து பார்த்தது. அடுத்த நொடி பிடரியைப் பிடித்துவிட்டான். முழங்கை வரைக்கும் கீறித் தள்ளியது. கீறட்டுமே! துண்டைப் போட்டுச் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைக்கத்தான் கை இல்லை.

துண்டு கொஞ்சம் விலகியது. அப்போதுதான் முதுகைப் பார்த்தான்.

கழுத்திலிருந்து வால் வரைக்கும் முடியே இல்லை. தோல் வெந்து, பொருக்குத் தட்டி, ஓரத்தில் சீழ் வைத்திருந்தது.

ராஜ்கமலுக்குக் கோபம் தலைக்கேறியது. எதிர்த் தூணில், நூரியைக் காணவில்லை என்று அவன் ஒட்டிய நோட்டீஸ் இன்னும் இருந்தது. அவனே எடுத்த படம், அவனே அச்சடித்து ஊர் முழுக்க ஒட்டியது. அடையாளம் ஏதாவது எழுத வேண்டாமா என்று கனீஸ் பாத்திமா கேட்டதற்குக்கூட, படமே பேசும்க்கா என்று சொல்லிவிட்டான்.

“கண்ணுக்கு எதிர்லயே ஒட்டி வெச்சிருக்கேன். ஒரு போன் பண்ணக்கூடாதா? எந்தப் பாவி இது மேல வெந்நீர ஊத்துனது?”

வரிசையே திரும்பிப் பார்த்தது. சின்னப்பாப்பா முகத்தில் ஈயாடவில்லை. கத்தியைக் கீழே வைத்தாள்.

“நாந்தாம்பா ஊத்துனேன். தெனம் மீன இழுத்துனு ஓடுச்சு. அப்பவும் சும்மா ஊத்தல. அந்தப் படத்தையும் பாத்தேன், இதையும் பாத்தேன். ஒருவாட்டி இல்ல, மூணுவாட்டி. அதே கலரு, அதே கண்ணு. ஆனா படத்துல ரெண்டு காதும் முழுசா இருக்குது, இதுக்கு ஒண்ணு பாதிதான் இருக்கு. சரி, வேற பூனன்னு நெனச்சிட்டேன். அதுதான்னு தெரிஞ்சிருந்தா மடியில வெச்சுத் தந்திருப்பேனே, ஐயோ...”

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் பக்கத்தில் வந்தாள். துண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதிக் காதை விரல் நுனியால் தொட்டாள்.

“இந்தக் காத எந்த நாயி கடிச்சுதோ. அது மட்டும் கடிக்காம இருந்திருந்தா அன்னிக்கே கண்டுபிடிச்சிருப்பேன்.”

ராஜ்கமல் தூணில் இருந்த படத்தைப் பார்த்தான். முழுசாக, அழகாக இரண்டு காதுகள்.

“நாய் கடிக்கலக்கா. பொறந்ததுலேர்ந்தே அதுக்குப் பாதிக் காதுதான். படம் நல்லா இருக்கட்டும்னு கம்ப்யூட்டர்ல மீதிக் காத ஒட்டவெச்சது நாந்தான்.”