குளிர்கோபுரத்துத் தூறல்

"இந்தத் தூறல் மேல பட்டா ஒண்ணும் ஆவாதுங்களா?"

குரல் கேட்டுப் பாரி திரும்பினான். பீங்கான் தொழிற்சாலையின் பின்புறம், குளிர்கோபுரத்திலிருந்து கிளம்பிய வெண்புகை மாலை வெயிலில் மெல்லப் புரண்டுகொண்டிருந்தது. அதற்குள் ஒரு பெண் அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தாள். மேகத்திலிருந்து அப்போதுதான் இறங்கியவள் போலிருந்தாள்.

"தள்ளி வந்து நில்லுங்க மேடம். தண்ணியில மருந்து கலந்திருக்குது."

அவள் நகர்ந்து வந்தாள். இமைகளில் பொடிப்பொடியாக நீர்த்துளிகள்.

பொல்யூஷன் ஆபீசிலிருந்து மேடம் ஒருவர் வரப்போகிறார் என்று காலையிலிருந்தே தொழிற்சாலை பரபரத்துக்கொண்டிருந்தது. மேனேஜர் குருமூர்த்தி, குளிர்கோபுரத்தைப் பார்த்துக்கொள்ளும் பாரியைத் தனியே அழைத்து, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. பழைய தண்ணித் தொட்டிப் பக்கம் கூட்டிட்டுப் போவாத" என்று சொல்லி வைத்திருந்தார். அவர் இளநீரோடு முன்வாசலில் காத்திருக்க, இவள் பின்கேட் வழியாக வந்து நிற்கிறாள்.

"நான் வந்து..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"தெரியும் மேடம், சொன்னாங்க. என்ன வேணுமோ கேளுங்க."

அவள் அவனை ஒரு தரம் பார்த்தாள். சொல்ல வந்ததை விட்டுவிட்டு, "என்ன மருந்து அது?" என்றாள்.

"மெஷினோட சூட்ட இந்தத் தண்ணிதான் வாங்கிட்டு வருது மேடம். மேல ஏத்தித் தூவி வுட்டா ஆறிடும். திரும்பத் திரும்ப அதே தண்ணிதான். சும்மா வுட்டா உப்பு படியும், துரு புடிக்கும், பாசி கட்டும். அதுக்குத்தான் மருந்து."

"கெடுதலா?"

"அளவா போட்டா கெடுதல் இல்ல மேடம்." குருமூர்த்தி சொல்லிக்கொடுத்த பதில்.

சுவரோரம் இருந்த நீல கேனை அவள் காட்டினாள். "அப்புறம் எதுக்கு அதுல மீன் செத்துக் கெடக்குற மாதிரி படம் போட்டிருக்காங்க?"

பாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாசியக் கொல்லுற மருந்து மீனை மட்டும் வுட்டுடுமா? அதனாலதான் பழைய தண்ணிய ஒடனே வெளிய வுடக்கூடாது. தொட்டியில தேக்கி வச்சு, வீரியம் போனப்புறம் சோதிச்சுப் பாத்துட்டு வுடணும்."

"கையில என்ன தழும்பு?"

"க்ளவுஸ் போடாம ஒருநாள் தொட்டுட்டேன். கொப்புளிச்சுடுச்சு."

"இப்ப போடுறீங்கல்ல?"

"போடுறேன் மேடம்." அந்தக் கேள்வியில் ஆபீஸ் வாசனையே இல்லை என்று அவனுக்குத் தோன்றியது.

"தொட்டித் தண்ணி அப்புறம் எங்க போவுது?"

"வாய்க்கா வழியா ஏரிக்கு."

"அந்த ஏரியிலேருந்துதான் எங்க நெலத்துக்குத் தண்ணி பாயுது" என்றாள் அவள், மெதுவாக.

காற்று திரும்பியது. வெண்புகை இருவரையும் போர்த்திக்கொண்டது. தொழிற்சாலை, மதில், தூரத்தில் போகும் ரயிலின் சத்தம் எல்லாமே அதில் கரைந்துபோயின. போன பொங்கலுக்குத்தான் அவனுக்கு வேலை நிரந்தரமாகியிருந்தது. அந்த நினைப்புகூட அப்போது யாருடையதோ போல எங்கோ தள்ளி நின்றது. தூக்கத்தில் பேசுகிறவன் மாதிரி அவன் சொன்னான்:

"வாங்க மேடம். ஒண்ணு காட்டுறேன்."

தொட்டியின் பின்சுவரில் மணல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. பாரி ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டான். சுவரில் நீளமாக ஒரு விரிசல். அதிலிருந்து தண்ணீர் சத்தமே இல்லாமல் கசிந்து வாய்க்காலில் இறங்கிக்கொண்டிருந்தது. வாய்க்காலில் சின்னச் சின்னக் கெண்டைகள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன.

அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"போன வாரமே சொல்லிட்டேன் மேடம். நீங்கல்லாம் வந்துட்டுப் போற வரைக்கும் மூட்டையப் போட்டு மூடுன்னாங்க."

"இத சொன்னா உங்க வேலைக்கு ஒண்ணும் ஆவாதா?"

"போனாலும் போவும்." அவன் கடைசி மூட்டையையும் ஓரமாகத் தள்ளினான். "மருந்து மேல தப்பு இல்லீங்க. வைக்க வேண்டிய எடத்துல வச்சா அது பாட்டுக்கு அதோட வேலையச் செய்யும். மூடி வச்சது நாங்கதான்."

"வேற யாரு வந்து கேட்டாலும் இதையே சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்."

பாரியின் போன் அடித்தது. குருமூர்த்தி. குரலைத் தாழ்த்தி அவசரமாகப் பேசினார். "டேய் பாரி, பொல்யூஷன் ஆபீஸ் ஜீப்பு இப்பதான் உள்ள வருது. மேடம் நேரா தொட்டியத்தான் பாக்கணுங்கறாங்க. மூட்டையெல்லாம் சரியா கெடக்குதா?"

பாரி எதிரே நின்றவளைப் பார்த்தான். அவளும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வார்த்தை தெளிவாகவே வந்தது.

"இல்ல சார். எல்லாத்தையும் எடுத்துட்டேன். கூட்டிட்டு வாங்க."

போனை வைத்துவிட்டுக் கேட்டான், "அப்ப நீங்க யாருங்க?"

அவள் இமையில் நின்ற துளியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"பூங்கோதைங்க. ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க எங்க வூட்டுக்குத்தான் வர்றீங்களாம், உங்க போட்டோ எங்ககிட்ட வந்துடுச்சு, என் போட்டோவக்கூட நீங்க இன்னும் பாக்கலன்னு உங்கம்மா சொன்னாங்க" என்றவள், பின்கேட்டை நோக்கி நடந்தபடியே சொன்னாள்: "நான் மாப்பிள்ளையப் பாத்துட்டேன், எனக்குச் சம்மதம். நீங்க வந்து பொண்ணப் பாத்துட்டுச் சொல்லுங்க."