டியூக் ஊர் திரும்பிய நாள்

டியூக்கின் கிரீடம் மறுபடியும் மூக்குவரை இறங்கிவிட்டது.

வள்ளி ஓடிப்போய் அதைத் தூக்கி வைத்தாள். டியூக் அசையவில்லை. சிலை அசையக்கூடாது என்பது டீச்சர் போட்ட சட்டம்.

பிளெய்ன்ஸ்பரோவின் அந்தப் பள்ளிக்கூட ஜிம் முழுக்க அன்று மாலை சிலைகள்தான். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு பழைய காலத்து மனிதராக வேஷம் கட்டி நின்றார்கள். காலடியில் ஒட்டியிருக்கும் சிவப்புக் காகித வட்டத்தை மிதித்தால் சிலைக்கு உயிர் வரும், தன் கதையைத் தானே சொல்லும். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்.

மற்ற பிள்ளைகள் பெயர்போன ராஜா ராணிகளைப் பங்கு போட்டுக்கொள்ள, வள்ளியின் மகள் தென்றல் மட்டும் யாரும் கேள்விப்படாத ஒரு டியூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ராஜாவுக்கு ஒரு படி கீழே. ஐரோப்பாவின் ஏதோ மூலையில், கைக்குட்டை அளவுக்கு ஒரு நாடு. லைப்ரரியில் அவரைப் பற்றி ஒரு மெல்லிய புத்தகம் கிடைத்தது. வள்ளி அதை இரண்டு முறை படித்து, மகளுக்குப் பேச்சு எழுதிக்கொடுத்தாள். தீபாவளிப் பட்டுப்பாவாடை அங்கியானது. அலுமினியத் தாள் சுற்றிய ஸ்கேல் வாளானது.

ஷ்யாமளா அப்போதுதான் உள்ளே வந்தாள். தோளில் மூன்று மாதப் பிள்ளை.

வள்ளி இருக்கும் அதே அபார்ட்மெண்டில் பக்கத்துக் கட்டடம் அவள். நாத்தனார் வியாழக்கிழமை சென்னைக்குத் திரும்புகிறாள், பிள்ளையும் அவளோடு போகிறது. க்ரீன் கார்டு வந்து, புருஷன் பெண்டாட்டி இருவர் வேலையும் நிலைக்கும்வரை பிள்ளை அங்கேதான் வளரும். டிக்கெட்கூடப் போட்டாயிற்று. ஷ்யாமளாவுக்குத்தான் இன்னும் மனசு வரவில்லை.

அங்கே பலரும் செய்கிற காரியம்தான். ஆனால் மனசு வராதவர்கள் எல்லோரும் வள்ளியிடம்தான் வருவார்கள், ஏனென்றால் வள்ளியிடம் சாட்சி இருந்தது.

அவளும் ஆறு மாதத் தென்றலைக் கோபிச்செட்டிபாளையத்தில் அக்கா கண்மணியிடம் விட்டவள்தான். நாலு வயதில்தான் திரும்ப வரவழைத்தாள். நியூவார்க் ஏர்போர்ட்டில் ஊர்க்காரர் ஒருவர் கைப்பிடித்துக் கூட்டிவந்த குழந்தை, அத்தனை கூட்டத்திலும் நேராக ஓடிவந்து "அம்மா" என்று அவள் காலைக் கட்டிக்கொண்டது. குழந்தை கண்ணில் பட்ட கணத்திலிருந்தே வள்ளி கேவிக் கேவி அழுதுகொண்டிருந்தாள். அவள் கணவன் நஞ்சுண்டன் அதை வீடியோ எடுத்திருந்தான்.

அந்த டேப்பை நேற்றும் ஷ்யாமளாவுக்குப் போட்டுக் காட்டினாள். "எப்படி ஓடி வரா பாருங்க. அதெல்லாம் மறக்கவே மறக்காது."

முதல் பல்லையும் முதல் நடையையும் பார்க்காதவள் அவள். அந்த ஓட்டத்தைக் காட்டித்தான் இத்தனை வருடமும் தன்னைத் தானே மன்னித்து வந்தாள்.

ஷ்யாமளா வட்டத்தை மிதித்தாள். டியூக்குக்கு உயிர் வந்தது.

மூச்சுவிடாமல் ஆங்கிலத்தில் பொழிந்தார். இரண்டு வயதில் அவரை அண்டை நாட்டுக் கோட்டைக்குப் பிணையாக அனுப்பினார்கள். சண்டை வராமல் இருக்க அந்தக் காலத்தில் பிள்ளையைக் கொடுத்து வைப்பது வழக்கம். ஏழு வயதில் திரும்பினார், பதினாறில் பட்டத்துக்கு வந்தார். ஆற்றுக்குப் பாலம் கட்டினார், மாவு மில்லுக்கு வரியைக் குறைத்தார். ஆனாலும் அவர் பெயர் நிலைத்தது ஒரே ஒரு சட்டத்தால்தான். இனி இந்த நாட்டிலிருந்து யார் வீட்டுப் பிள்ளையையும் வெளியே அனுப்பக்கூடாது.

இரண்டு வாரமாக வீட்டில் கேட்டுப் பழகியும், அந்த இடம் வந்தால் வள்ளி வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள்.

ஷ்யாமளா பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே, வள்ளியைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கேட்டாள். "டியூக் சார், திரும்பி வந்தப்போ உங்க அம்மாவ எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

டியூக் யோசிக்கவே இல்லை.

தனக்கு அங்கே யாரையுமே தெரியவில்லை என்றார். கூட்டிவந்த போர்வீரர் வழியிலேயே சொல்லி வைத்திருந்தாராம், அங்கே யார் அழுகிறார்களோ அவர்தான் உன் அம்மா என்று. ஒரே ஒரு பெண்தான் அழுதுகொண்டு நின்றாள், அதனால் அவளிடம் ஓடினேன் என்றார். எல்லோருக்கும் ரொம்ப சந்தோஷமாகிவிட்டது என்றும் சொன்னார்.

ஓடுவதற்கு முன்னால் குழந்தை ஒரு கணம் நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்ப்பது டேப்பில் இருக்கிறது. கூச்சம் என்றுதான் வள்ளி எல்லோருக்கும் சொல்லியிருந்தாள்.

ஷ்யாமளாவின் தட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"வள்ளி, இது புக்ல இருக்கா?"

டியூக் மறுபடியும் சிலையாகிவிட்டார். கண்கள் மட்டும் வள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"ஆமா, புக்ல அப்படித்தான் இருக்கு" என்றாள் வள்ளி.

"அப்பாடா" என்று ஷ்யாமளா பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு அடுத்த சிலைக்கு நகர்ந்தாள்.

கிரீடம் மறுபடியும் நழுவி இறங்கியது. இந்த முறை அதைத் தூக்கி வைக்க வள்ளிக்குக் கை வரவில்லை.

அந்த மெல்லிய புத்தகத்தில் டியூக்கின் அம்மாவைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.