வலப்பக்கம் நுனி

ஏரிக்கரை வீடுகளை இடிப்பதற்கு முன் அளந்து கொடுக்க வந்திருந்தேன். அந்த ஊரில் மதியச் சோறு கிடைக்கிற ஒரே இடம் ஒரு பார். நான் நுழைந்ததும் குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பரிமாறுகிற மாசிலாமணி நான் கேட்ட பீரை வைத்துவிட்டு, என் முன்னால் வாழை இலையை விரித்தான். நுனி வலப்பக்கம் இருந்தது. சாவுக்குத்தான் அப்படிப் போடுவார்கள். தெரியாமல் போட்டுவிட்டான் என்று இலையைத் திருப்பினேன். அவன் அதை மறுபடியும் வலப்பக்கமே திருப்பிவிட்டுச் சோற்றை வைத்தான். மற்ற மேசைகளில் எல்லா நுனியும் இடப்பக்கம்தான் இருந்தது.

"என்னய்யா இது?"

"பீர் சூடாகுது, குடிங்க சார். நாளைக்கு எங்க தெருவ அளக்கணும்ல?"

வந்த வேலையை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் இவன்களுக்குப் பயந்து எழுந்து போவதா? கோழிக்குழம்பை ஊற்றச் சொல்லி, ஒரு பருக்கை விடாமல் வழித்துத் தின்றேன். அத்தனை பேரும் குடிப்பதை விட்டுவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடித்ததும் இலையை மடிக்கப் போனேன். மாசிலாமணி என் மணிக்கட்டைப் பிடித்தான், மெதுவாக, மரியாதையாக.

"நீங்க மடிக்கக் கூடாது சார். உங்க வீட்டாளுங்க வந்து மடிக்கட்டும்."