பழைய பைப்

“எஃப்.சி.தான் பாஸாயிடுச்சே! புது பைப்பைக் கழட்டிட்டு பழசை மாட்டுய்யா!”

லாரி முதலாளி இராமலிங்கம் போட்ட சத்தம் கும்மிடிப்பூண்டி கடைத்தெரு முழுக்கக் கேட்டது. எஃப்.சி. என்ற வண்டித் தகுதிச் சோதனை நாளுக்கு மட்டும் புது பிரேக் பைப்பை இரவல் வாங்குவதும், மறுநாள் துருப்பிடித்ததையே மாட்டி ஓட்டுவதும் அவருக்கு வருஷாவருஷம் வழக்கம்.

இந்தத் தடவை மெக்கானிக் துலுக்காணம் ஸ்பேனரைத் தொடவில்லை. “ரயில்வே கேட்டாண்ட நிக்காம பூட்ச்சின்னா டிரைவரு உசுரு போயிடும் மொதலாளி.”

“ஓட்டப்போறது மணவாளன். உனக்கு இன்னாய்யா நோவுது?”

மெக்கானிக்கின் தங்கை செங்கம்மாள் தட்டோடு வந்து குறுக்கே நின்றாள். கோபத்திலும் வாயைச் சும்மா வைத்திருக்கத் தெரியாத முதலாளி, தட்டிலிருந்த பேரீச்சம்பழங்களை உள்ளே தள்ளிக்கொண்டே கத்தினார்.

“மாட்ட முடியாது. இன்னா பண்ணுவீங்க?” என்றாள் அவள்.

“ஊர்ல வேற மெக்கானிக்கா இல்ல? பழைய பைப்பை எடுத்துனு வா!”

“எங்கேர்ந்து எடுத்துனு வர்றது? பாதி உங்க வவுத்துல கீது.”

“இன்னாது?”

“காலைல பழைய இரும்புக்காரன் வந்தான். பைப்பைப் போட்டு வாங்குன பழத்தைத்தான் துன்னுக்கினு கீறீங்க.”

வாயிலிருந்த பழத்தைக் கொட்டையோடு துப்பினார் முதலாளி.

லாரி புது பைப்போடே ஓடியது. ஊரான் லாரி பிரேக்கில் இவளுக்கென்ன இத்தனை அக்கறை என்று தெருவே மண்டையை உடைத்துக்கொண்டது. தை மாதம் டிரைவர் மணவாளன் அவளுக்குத் தாலி கட்டி ஆரம்பாக்கத்துக்கு அழைத்துப்போன அன்றுதான் விஷயம் விளங்கியது.

போனது அதே லாரியில்தான். மாப்பிள்ளை வீட்டு வாசலில் ஒரே மிதியில் நின்றதாம்.