பக்கத்துக் கட்டில்

தியாகலிங்கத்தார் கட்டிலுக்குக் கீழே கிடந்த, மூத்திரம் பிடிக்கிற சலப் போத்திலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

இரண்டு விரற்கடைகூட இல்லை.

யாழ்ப்பாணத்தில் வயிற்று ஒப்பரேசன் முடிந்து தீவு ஆஸ்பத்திரிக்கு வந்து மூன்றாம் நாள். டொக்டர் நேற்றே சொல்லிப்போட்டார். ஒப்பரேசனுக்குப் பிறகு சிலருக்குச் சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடும். சலம் குறைந்தால் இரத்தத்தில் உப்பு ஏறும். அது இதயத்தைப் பிடித்தால் சொல்லாமற் கொள்ளாமல் நின்றுபோகும். இன்றைக்கும் அளவு குறைவென்றால் கொழும்புதான். சண்டையால் தரைப்பாதை பூட்டு, கப்பலில்தான் போகவேணும்.

விடியத் தொடக்கம் நெஞ்சு இரண்டு அடி அடித்து, ஒன்றை விழுங்கிக்கொண்டிருந்தது.

நயினாதீவில் முப்பது பரப்புக் காணிக்காரர், கப்பல் தட்டில் கண்ட சாதியோடும் இடிபட்டுப் படுக்கிறதா? அதைவிட நெஞ்சு நிற்கட்டும்.

பக்கத்துக் கட்டில் ஏற்கெனவே போதாதா? மண்கும்பான் கடற்காரன் பிலிப்பு, காற்புண்ணோடு கிடந்தான்.

"உந்த மீன் நாத்தத்துக்குள்ளை என்னை ஏன் பிள்ளை போட்டனீர்?" என்று முதல்நாளே நேர்சைக் கேட்டார்.

பிலிப்புத்தான் பதில் சொன்னான். "மூண்டு கிழமையாக் கடலுக்குப் போகேல்லை, ஐயா. நாறுறது நானில்லை."

அவன் நீட்டின தண்ணியையும், தொண்டை காய்ந்து கிடக்க, தாகமில்லை என்று தள்ளினவர்.

இப்போது பிலிப்பு நொண்டி நொண்டி முகம் கழுவப் போயிருந்தான். நேர்ஸ் விறாந்தையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள்.

தியாகலிங்கத்தார் தையலைப் பொத்திக்கொண்டு எழும்பினார். பிலிப்பின் போத்தில் கழுத்துமட்டும் நிறைந்திருந்தது.

அரைவாசியைத் தன்னுடையதற்குள் சரித்தார். ஒரு துளி சிந்தவில்லை. கையைப் பிலிப்பின் படுக்கைச் சீலையிலேயே துடைத்தார்.

டொக்டர் வந்தார். போத்திலைப் பார்த்தார். "பறவாயில்லையே!"

தியாகலிங்கத்தார் சோதனை பாஸ் பண்ணினவர்போல் தலையணையில் சாய்ந்தார்.

டொக்டர் நாடியைப் பிடித்தார். முகம் மாறியது. சலத்தைச் சோதிக்கச் சொன்னார். நேர்ஸ் நீல மருந்தில் சில துளி விட்டுச் சூடாக்கினாள். குழாய் செங்கட்டி நிறமாகியது.

"உங்களுக்கு எத்தினை வருசமாச் சீனி வருத்தம், ஐயா?"

நெஞ்சு ஒன்றை விழுங்கியது. பிறகு இன்னொன்றை.

சீனி வருத்தமா? அவருக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

"பத்து வருசமா," என்றார்.

ஈர முகத்தோடு கட்டிலடிக்கு வந்துவிட்ட பிலிப்பு, அரைவாசியாகிப்போன தன் போத்திலைத் தூக்கிப் பார்த்தான்.

"பன்ரண்டு, டொக்டர்," என்றான்.