ஜன்னலோர ஸ்டூல்

"அந்த பேட்டரியை சார்ஜ்ல போடாதீங்க. வீங்கியிருக்கு," என்றாள் ஜன்னலோர ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெண்.

யாரும் திரும்பவில்லை.

கல்லூரி ட்ரோன் டீமில் சஹானாவுக்கு அது முதல் நாள். ஆஸ்டின் டவுனிலிருந்து பஸ் பிடித்து, மழையில் நனைந்து, அப்போதுதான் லேபுக்குள் நுழைந்திருந்தாள். மத்தியானம் மூன்று மணிக்கே வெளியே இருட்டிக் கிடந்தது.

கேப்டன் கிரண் பேட்டரியின் வயரை சார்ஜரில் செருகினான். பக்கத்தில் நாகேஷ் லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"கிரண், ப்ளீஸ். நான் சொல்றதைக் கேளு." அதே குரல், இந்த முறை கெஞ்சலாக.

கிரணின் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. "வா சஹானா! நாங்க ரெண்டு பேர், உன்னோட சேர்த்து மூணு. அவ்வளவுதான் நம்ம டீம்," என்று சிரித்தான்.

மூணா?

சஹானா ஜன்னல் பக்கம் பார்த்தாள். வெளிறிய முகம். தூங்காத கண்கள். அந்தப் பெண் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா... அங்க உட்கார்ந்திருக்கிறது யாரு?"

நாகேஷின் விரல்கள் நின்றன. கிரண் ஜன்னலைப் பார்த்தான். அவன் பார்வை அந்தப் பெண்ணின் ஊடாகப் போய், வெளியே மரத்தில் நின்றது.

"எங்க? யாரும் இல்லையே."

சஹானா லேபைச் சுற்றிப் பார்த்தாள். சுவரில் டீம் போட்டோ மாட்டியிருந்தது. கிரண், நாகேஷ், நடுவில் ஒரு பெண். அவள் முகத்தின் மேல் மட்டும் கறுப்பு டேப்.

"இது?"

"ஷோபா," என்றான் நாகேஷ், தலை நிமிராமல். "பேட்டரி வேலை எல்லாம் அவதான் பார்த்தா. இப்ப... இல்ல."

"நாகேஷ்! வேலையைப் பாருடா," என்று அதட்டினான் கிரண்.

"சூடேறுது! யாராவது வயரைப் பிடுங்குங்க!" ஜன்னலோரத்துப் பெண் அலறினாள்.

இருவரும் அசையவில்லை. சஹானாதான் பாய்ந்தாள். வயரைப் பிடுங்கி, பேட்டரியைத் துணியால் பிடித்து, மூலையில் இருந்த மணல் வாளிக்குள் எறிந்தாள். மறு நொடி வாளிக்குள் குபீரென்று தீ எழுந்தது.

கிரணின் முகத்தில் ரத்தமே இல்லை. "உனக்கு... எப்படித் தெரிஞ்சுது?"

"அவங்கதானே சொன்னாங்க!"

"யாரும் இல்லைன்னு சொன்னேன்ல!" கிரண் கத்தினான்.

சஹானா ஜன்னலை நோக்கி நடந்தாள்.

"பேடா... வேணாம் சஹானா, அங்க போகாதே," என்று கிசுகிசுத்தான் நாகேஷ்.

அவள் கிட்டே போய், கையை நீட்டி அந்தப் பெண்ணின் கையைத் தொட்டாள்.

கதகதப்பாக இருந்தது. நாடி துடித்தது. அந்தப் பெண்ணின் கண்கள் நிறைந்தன.

"நான்தான் ஷோபா. கிரண் என்னை அசிங்கமா பேசினதை நம்ம டிபார்ட்மென்ட் மேடம்கிட்ட புகாரா எழுதிக் கொடுத்தேன். அன்னையிலேர்ந்து நான் இங்க இல்லாத மாதிரிதான் எல்லாரும் நடந்துக்கணும்னு இவன் ஆர்டர். என்கிட்ட பேசினா டீம்ல இடமில்லை."

பின்னால் ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது. இருபத்து மூன்று நாட்களில் முதல் முறையாக, அவள் முகத்தைப் பார்த்து, "ஷோபா..." என்று கூப்பிட்டான் நாகேஷ்.